அத்தியாயம் 6: பின் ஆக்ஸில் – உடையாமலும், உடைந்தால் உயிர் போகாமலும்

டிராக் ரேஸில் கார் ஓடும் தூரம் 402 மீட்டர். பின் ஆக்ஸிலுக்கான சோதனை முதல் மூன்று நான்கு மீட்டரிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. எஞ்சின் ஐயாயிரம் சுற்றில் கத்திக்கொண்டிருக்கும்போது கிளட்சைச் சட்டென்று விட்டால், எஞ்சினின் இழுப்போடு ஃப்ளைவீலில் சேர்ந்திருந்த ஆற்றலும் கியர்பாக்ஸ், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், கிரௌன் பினியன் வழியே வந்து ஆக்ஸில் ஷாஃப்ட்டின் பற்களில் மோதும். மறுமுனையில் டயர் தரையை விடமாட்டேன் என்று பிடித்திருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே முறுக்கப்படுவது 28, 30 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு தண்டு. காரில் மற்ற எதைக் கட்டுவதற்கும் முன்னால் அந்தத் தண்டைப் பற்றி யோசித்துவிடுங்கள்.

இந்த அத்தியாயம் பின் சக்கரத்தால் ஓடும் கார்களுக்கானது: அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கான்டெஸ்ஸா, இரண்டு சக்கர ஓட்டத்தில் வைத்த ஜிப்ஸி, மகிந்திரா ஜீப். முன் சக்கரத்தால் ஓடும் காரில் பின்னால் இருப்பது எடையைச் சுமக்கும் குறுக்குத் தண்டு மட்டும்தான். ஆனால் கீழே வரும் தண்டின் வலிமைக் கணக்கு அந்தக் கார்களின் முன்பக்க டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் பொருந்தும்.

சென்னைப் புறநகரான நூம்பலில் இருப்பவருக்கு இந்த வேலைக்கு வேண்டிய எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வேலப்பன்சாவடிக்கு வந்து நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போனால், பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் தாண்டி இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத்தடம் அங்கேதான். 1953இல் தொடங்கிய இந்தக் கிளப், செங்குன்றத்துக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்திவிட்டு, 1990இல் தனக்கென்று கட்டிய தடத்துக்குக் குடிபெயர்ந்தது. வானகரம்–அம்பத்தூர் சாலை வழியே வடக்கே போனால் தொழிற்பேட்டை. லேத், கியர் வெட்டுதல், ஹீட் ட்ரீட்மென்ட், விரிசல் சோதனை எல்லாம் அங்கே நடக்கும். பழைய உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டை இருக்கிறது.

இவ்வளவு அருகில் தடம் இருக்கும்போது வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ பைபாஸிலோ இரவில் கிளம்பிப் பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் காரிலிருந்து கழன்ற பின் சக்கரம் பக்கத்தில் போகும் பைக்கின் மேல் போய் விழலாம் என்பது. தடத்தில் அதைத் தடுக்கச் சுவர் இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது. சாலையில் அந்த பைக்காரர்தான் இருக்கிறார்.

இனி கணக்கு. எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டுவிட்டு ஆக்ஸிலைத் தேர்வு செய்பவர்கள் பலர். பின் ஆக்ஸில் தாங்க வேண்டிய சுமையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டயரின் பிடிதான். டயர் வழுக்கிவிட்டால் முறுக்குவிசை அதற்குமேல் ஏறாது.

ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். எடையில் பாதி பின்னால். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில். வீல்பேஸ் 2.5 மீட்டர், டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர். சாதாரண ரோடு டயரின் உராய்வுக் கெழு 0.9 என்றால், கிளம்பும்போது பின்னால் சாயும் எடையையும் சேர்த்து, பின் சக்கரங்களில் சுமார் 670 கிலோ நிற்கும். டயர் வழுக்காமல் தாங்கும் முறுக்குவிசை, இரண்டு சக்கரமும் சேர்ந்து, ஏறக்குறைய 1,780 நியூட்டன் மீட்டர். அதே காரில் 1.5 கெழு தரும் மிருதுவான டிராக் டயரைப் போடுங்கள். கார் வேகமாகக் கிளம்புவதால் பின்னால் சாயும் எடையும் கூடி 785 கிலோ ஆகிறது. முறுக்குவிசை 3,470 நியூட்டன் மீட்டருக்குப் போய்விடுகிறது. எஞ்சினைத் தொடவே இல்லை. டயரை மாற்றியதற்கே ஆக்ஸிலின் சுமை ஏறக்குறைய இருமடங்கு.

அந்த 3,470ஐ எஞ்சினால் தர முடியுமா என்று கேட்கலாம். 200 நியூட்டன் மீட்டர் எஞ்சின், முதல் கியர் 3.6, கிரௌன் பினியன் விகிதம் 4.1 என்றால் பெருக்கி வருவது 2,952. குறைந்த மீதியை கிளட்சை விடும் நொடியில் ஃப்ளைவீல் ஈடுகட்டிவிடும். பல மாதம் ஒழுங்காக ஓடிய ஆக்ஸில் புது டயர் போட்ட முதல் நாளே முறிவதற்கு இதுதான் காரணம். ஆகவே வாங்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: ஆக்ஸில் முதலில், டயர் அதற்குப் பிறகு.

தண்டின் பக்கம் வருவோம். முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. நன்றாகக் கடினப்படுத்திய ஒரு ஸ்டீல் முறுக்கில் 500 மெகாபாஸ்கல் வரை தாங்கி மீளும் என்று வைத்துக்கொண்டால், 28 மில்லிமீட்டர் தண்டு 2,155 நியூட்டன் மீட்டரில் நிரந்தரமாகத் திருகிக்கொள்ளத் தொடங்கும். 33 மில்லிமீட்டர் தண்டு 3,500க்கு மேல் தாங்கும். ஐந்து மில்லிமீட்டர் தடிமனுக்கு 60 சதவீதத்துக்கும் அதிகமான வலிமை. அளக்கும்போது தண்டின் நடுப்பகுதியை அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். ஸ்ப்லைன் பல்லின் அடிவிட்டம்தான் கணக்கு. பெரும்பாலான ஷாஃப்ட்டுகளில் மிக மெலிந்த இடம் அதுவே.

டிஃபரன்சியல் திறந்த வகையாக இருந்தால் முறுக்குவிசை இரண்டு ஷாஃப்ட்டுக்கும் சமமாகப் பிரியும். மேலே சொன்ன 3,470இல் ஒவ்வொன்றுக்கும் 1,735. நம் 28 மில்லிமீட்டர் தண்டு இதைத் தாங்கிவிடும், மயிரிழையில். ஒரு சக்கரம் வழுக்கினால் மறு பக்கத்துக்குப் போவதும் குறைந்துவிடுவதால் திறந்த டிஃபரன்சியல் தன்னையறியாமல் ஷாஃப்ட்டைக் காப்பாற்றுகிறது. இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். வலது சக்கரம் ஒட்டும் தரையிலும் இடது சக்கரம் தூசியிலும் நின்றால் கிட்டத்தட்ட முழு முறுக்கும் ஒரே தண்டில் ஏறும். 28 மில்லிமீட்டர் தண்டு முறியும் வாய்ப்பு அப்போது கூடும்.

செலவைக் குறைக்க டிஃபரன்சியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்துப் பூட்டும் பழக்கம் இங்கே உண்டு. செய்யாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பல்சக்கரங்கள் மேல்தோல் மட்டும் கடினப்படுத்தப்பட்டவை. வெல்டிங்கின் சூடு அந்தக் கடினத்தைக் கெடுத்து, பக்கத்திலேயே நொறுங்கும் தன்மையுள்ள ஒரு பட்டையை உண்டாக்கும். உடைந்த துண்டு கிரௌனுக்கும் பினியனுக்கும் நடுவே போனால் பின் சக்கரங்கள் இரண்டும் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். 1951இல் தொடங்கிய அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. இப்படி வெல்டிங் வைத்த டிஃபரன்சியலை எல்லாப் பிரிவிலும் தடை செய்திருக்கிறது. பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரே துண்டாகக் கடைந்த ஸ்பூலைப் போடுங்கள். கூடவே ஷாஃப்ட்டையும் மாற்றுங்கள். ரோட்டிலும் ஓட வேண்டிய கார் என்றால் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்சியல் போதும்.

ஷாஃப்ட்டைப் புதிதாகச் செய்வதென்றால் அம்பத்தூர்ப் பட்டறைகளில் பேசும் மொழியில் கேளுங்கள்: இ.என்.24, அல்லது குறைந்தது இ.என்.19. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த இ.என்.24, முறுக்கு அதிர்ச்சியைத் தாங்குவதில் இ.என்.8ஐவிட வெகு தூரம் மேலே. கம்பியின் முனையில் அடித்திருக்கும் பெயின்ட் நிறத்தை நம்பி வாங்க வேண்டாம். மில் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், ஒரு துண்டை வெட்டி வேதிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்ததும் கடினத்தை எண்ணில் எழுதி வாங்குங்கள். ரொம்பக் கடினமாக இருந்தால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அளவு மீறிக் கடினப்படுத்திய தண்டு திருகிக்கொள்ளாமல் ஒரே அடியில் தெறிக்கும். தண்டின் விட்டம் மாறும் இடங்களில் கூர்மையான மூலை இருக்கவே கூடாது; வளைவாகக் கடைந்து, கருவியின் கோடு தெரியாமல் மெருகேற்ற வேண்டும். பளபளப்புக்காக குரோம் பூச்சு வேண்டாம். பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே இறங்கி ஸ்டீலை நொறுங்கவைக்கும். முறிந்த ஷாஃப்ட்டை ஒட்டவைப்பது பற்றி யாராவது பேசினால் அந்தப் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது உடையாமல் இருக்க. உடைந்தால் என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் உங்களிடம் பணமும் பொறுமையும் இருக்கிறதென்றால் அதை இதற்குக் கொடுங்கள்.

லாரி மெக்கானிக் சாலையோரத்தில் சக்கரத்தைக் கழற்றாமலே ஆக்ஸில் ஷாஃப்ட்டை உருவி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது முழு மிதவை வகை. வண்டியின் எடை ஹவுசிங்கின் மேல் நிற்கும் ஹப்பில் இறங்குகிறது. ஷாஃப்ட்டுக்கு முறுக்கு வேலை மட்டுமே. ஷாஃப்ட் இரண்டாக முறிந்தாலும் சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். கார்களில் பெரும்பாலும் இருப்பது அரை மிதவை. அதில் சக்கரம் ஷாஃப்ட்டின் முனையிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. எடையையும் முறுக்கையும் ஒரே தண்டு சுமக்கிறது. அது முறிந்தால் சக்கரம் கூடவே வெளியே வரலாம்.

அரை மிதவையிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் வெளிப்பக்க பேரிங்கோடு சேர்த்து ஷாஃப்ட்டை ஒரு தகடு ஹவுசிங்கின் முனையில் போல்ட் போட்டுப் பிடித்திருக்கும். உள்ளே முறிந்தால் சக்கரமும் மிச்சத் துண்டும் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். இன்னொன்றில் ஷாஃப்ட்டின் உள்முனையில், டிஃபரன்சியலுக்குள், சி வடிவக் கிளிப் ஒன்றுதான் அதை வெளியே வராமல் பிடிக்கிறது. தண்டு எங்கே முறிந்தாலும் பிடி போயிற்று. சக்கரம் நேராகக் கழன்று ஓடும். உங்கள் காரில் எது இருக்கிறது என்பதைப் புத்தகத்தில் தேடாமல் டிஃபரன்சியலைத் திறந்து கண்ணால் பாருங்கள், முந்தைய உரிமையாளர் வேறு ஆக்ஸில் மாற்றியிருக்கலாம். சி கிளிப் என்றால் ஹவுசிங் முனையை வெட்டி, தகடு பிடிக்கும் வகைக்கு மாற்றுங்கள். 402 மீட்டரை, அதாவது கால் மைலை, 10.99 நொடி அல்லது அதற்குள் ஓடும் கார்களுக்கும், டிஃபரன்சியல் பூட்டிய கார்களுக்கும் தனியாகச் செய்த வலுவான ஷாஃப்ட்டையும் இப்படிப்பட்ட பிடிப்பையும் என்.எச்.ஆர்.ஏ. கட்டாயமாக்கியிருக்கிறது. நம் கார்களில் அந்த நேரம் ஓடுபவை குறைவு. கார் 13 நொடியில் ஓடுகிறதே என்று சக்கரம் மெல்லக் கழலப்போவதில்லை. எனவே இந்த ஒரு விதியை வேகம் பார்க்காமல் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சக்கரம் கழலும்போது பிரேக் டிரம்மும் சேர்ந்து போகும். வீல் சிலிண்டர் திறந்துகொண்டு பிரேக் ஆயில் முழுவதும் கொட்டும். மாஸ்டர் சிலிண்டர் ஒரே லைன் வகையாக இருந்தால் முன் பிரேக்கும் அதோடு போய்விடும். மூன்று சக்கரத்தில், நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில், பிரேக்கே இல்லாத கார். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் உள்ள டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் போடுவது பாதி நாள் வேலை. அது இல்லாத பழைய காரை நான் கிளம்பும் கோட்டுக்கே அனுப்ப மாட்டேன்.

ஹவுசிங்கைப் பற்றிச் சுருக்கமாக. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது ஹவுசிங் பின்னோக்கிச் சுழலப் பார்க்கும். பினியன் மூக்கு மேலே எழும்பும். லீஃப் ஸ்பிரிங் இந்த இழுப்பில் எஸ் எழுத்துப்போல வளைந்து, சட்டென்று விட்டு, மறுபடி வளையும். சக்கரம் தடதடவென்று துள்ளுவது அதனால்தான். துள்ளி இறங்கும் ஒவ்வொரு முறையும் டயரின் மேல் எடை கூடி, பிடி கூடி, முன்னே போட்ட கணக்கைத் தாண்டிய ஓர் அடி ஷாஃப்ட்டில் விழுகிறது. துள்ளல் வந்தால் ஆக்ஸிலரேட்டரை உடனே விடுங்கள், அந்த ஓட்டம் போனால் போகட்டும். ஆக்ஸிலிலிருந்து சேஸிஸுக்கு முன்னோக்கி ஒரு டிராக்ஷன் பார் போட்டால் துள்ளல் பெருமளவு அடங்கும். ஹவுசிங்கில் எதை வெல்டிங் வைத்தாலும் அதன் குழாய் இழுத்துக்கொள்ளும். ஆகவே சிறிது சிறிதாக, பக்கம் மாற்றி மாற்றி வைத்து, முடிந்ததும் இரண்டு முனையும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நேரான ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். கோணலான ஹவுசிங்கில் எவ்வளவு நல்ல ஷாஃப்ட்டும் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து சீக்கிரம் களைத்துவிடும்.

நம் ஊரிலேயே நடந்த ஓர் ஆக்ஸில் மாற்றத்தை இங்கே சொல்ல வேண்டும். சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி ஹெரால்டு காரைச் செய்தபோது பின்னால் இருந்தது ஸ்விங் ஆக்ஸில். இரண்டு பாதியும் டிஃபரன்சியலிலிருந்து தனித்தனியாகக் கீல்போல ஆடும். வாங்குபவர்களும் மெக்கானிக்குகளும் அதை முழுமையாக நம்பவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த கெஸல் காரில் கம்பெனி ஒரே கட்டையான திட ஆக்ஸிலுக்கு மாறிவிட்டது. டிராக் ரேஸுக்கு அந்த மெக்கானிக்குகளின் சந்தேகம் மிகச் சரி. முடிவுக் கோட்டைத் தாண்டி ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடும்போது ஸ்விங் ஆக்ஸில் காரின் பின்பகுதி எழும்பும். சக்கரங்கள் உள்ளே மடங்கும். காரின் அதிவேகமான நொடியில் பிடி போய்விடும். பழைய ஹெரால்டை மீட்டெடுத்து வைத்திருப்பவர்கள் அதைக் கண்காட்சிக்கு ஓட்டட்டும். டிராக் ஓட வேண்டுமென்றால் திட ஆக்ஸில் போட வேண்டும்.

கிரௌன் பினியனில் விகிதத்தைக் கூட்டினால் கிளம்பல் வேகமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். விகிதம் கூடக் கூடப் பினியனின் பற்கள் குறைந்து, பினியனே சிறுத்துவிடுகிறது என்பதைப் பலர் பார்ப்பதில்லை. சுமை கூடும் அதே நேரத்தில் அதைத் தாங்கும் உறுப்பு மெலிகிறது. ஃபோர்டு 1957இல் கொண்டுவந்த ஒன்பது அங்குல ஆக்ஸிலை டிராக் ரேஸ்காரர்கள் இன்றும் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் அதன் பினியன்தான்: முனையிலும் ஒரு பேரிங் வைத்து மூன்று இடத்தில் தாங்கியிருப்பதால், சுமையில் அது கிரௌனைவிட்டு விலகுவதில்லை. நம் ஆக்ஸில்களில் பினியன் பொதுவாக இரண்டு பேரிங்கில்தான் நிற்கிறது. அதனால் பேக்லாஷையும் பேரிங் முன்னிறுக்கத்தையும் மேனுவலில் உள்ள அளவுக்கே வைத்து, பல்லில் மார்க்கிங் ப்ளூ தடவித் தடம் நடுவில் விழுகிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள்.

ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் முன் யூ-ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட்டின் முனை சாலையில் குத்தி, காரையே பின்னாலிருந்து தூக்கிவிடும். அதைப் பிடிக்க ஒரு வளையம் வேண்டும்: முழு வட்டமாக, முன் ஜாயின்ட்டிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள், 50 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஸ்டீல் பட்டையில் செய்தது. எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒரு மாலையில் முடியும் வேலை. தரைத் தகட்டில் மாட்டாமல் சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் மாட்டுங்கள்.

சக்கர போல்ட்டில் நட் எத்தனை மரை ஏறியிருக்கிறது என்பதையும் பாருங்கள். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்துக்காவது நட் பிடித்திருக்க வேண்டும். ஸ்பேசர் போட்ட சக்கரங்களில் இது பெரும்பாலும் இருப்பதில்லை.

கடைசியாகப் பரிசோதனை. புது ஷாஃப்ட்டைப் பூட்டுவதற்கு முன் அதன் நீளத்துக்கு வெள்ளை பெயின்ட்டால் நேராக ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு பந்தய நாளுக்குப் பிறகும் உருவிப் பாருங்கள். கோடு கொஞ்சமாவது சாய்ந்து திருகியிருந்தால் ஸ்டீல் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. பார்வைக்கு எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அந்த ஷாஃப்ட் மறுபடி காருக்குள் போகக் கூடாது. ஸ்ப்லைன் பற்களையும் வளைவு இடங்களையும் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளித்தால் விரிசல் இருந்த இடத்தில் சிவப்புக் கோடு கசிந்து தெரியும். இதை வீட்டு வாசலிலேயே செய்யலாம். சந்தேகம் வந்தால் காந்தத் துகள் சோதனைக்கு அம்பத்தூர் கொண்டுபோங்கள். டிஃபரன்சியல் ஆயிலை வடிக்கும்போது பிளக்கின் காந்தத்தில் மாவுபோல ஒட்டியிருப்பது இயல்பு. செதில் செதிலாக இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

முறிந்துவிட்ட ஷாஃப்ட்டைத் தூக்கி எறிவதற்கு முன் முறிந்த முகத்தைப் படியுங்கள். சாக்பீஸை இரு கையால் முறுக்கினால் சாய்வாகச் சுருண்டு உடையும். ஷாஃப்ட்டும் அப்படி உடைந்திருந்தால் அது அளவு மீறிக் கடினமானது, அடுத்த முறை ஹீட் ட்ரீட்மென்ட்டை மாற்றச் சொல்லுங்கள். தட்டையாக, கத்தியால் வெட்டியதுபோல இருந்தால் சுமை அதிகம். தடிமனைக் கூட்ட வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து அலையலையாகக் கோடுகள் பரவியிருந்தால் விரிசல் பல ஓட்டங்களாகவே வளர்ந்து வந்திருக்கிறது. கோடுகள் தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு கருவிக் கீறலோ கூர்மையான மூலையோ இருக்கும்.

இப்படி ஒதுக்கிய ஷாஃப்ட்டுகள், முறிந்தவையும் சரி, கோடு திருகியவையும் சரி, முழுசாகப் பழைய இரும்புக்குப் போகக் கூடாது. ஸ்ப்லைன் உள்ள முனையை கட்டிங் மெஷினில் அறுத்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் துடைத்து, எண்ணெய் பூசி, யாரோ ஒருவர் அதை வாங்கித் தன் காரில் பூட்டுவார்.